இரண்டு இலட்சத்தை வாங்கலாமா? கிழக்கில் நட்டஈடும் சமூக இணக்கமும்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு தொகை கொடுக்கப்போவதாக அரசாங்கம் அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரே குழப்பம்தான் கிளம்புகிறது. வாங்கினால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமா? வழக்குப் போடும் உரிமை போய்விடுமா? பக்கத்து ஊருக்குக் கொடுத்த தொகையும் நமக்குக் கொடுக்கும் தொகையும் ஏன் ஒன்றாக இல்லை? இவற்றோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. இந்தக் காசு தமிழரையும் முஸ்லிம்களையும் சிங்களவரையும் மறுபடி ஒருவரை ஒருவர் நம்பவைக்குமா, இல்லை பழைய பகையைக் கிளறிவிடுமா?

காசுக்கு இரண்டையும் செய்யும் வலு உண்டு. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைவிட, யார் கொடுக்கிறார்கள், என்ன நடந்தது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள், பக்கத்து ஊருக்கும் அதே அளவுகோல்தானா என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. கிழக்கில் இந்த மூன்றிலும் கோளாறு இருக்கிறது.

நிவாரணம், நட்டஈடு, இழப்பீடு

மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

நிவாரணம் பாதிப்பைப் பார்த்துக் கொடுப்பது. வெள்ளம் வந்தாலும் குண்டு விழுந்தாலும் அரிசி, தகரம், கூடாரம் தருவார்கள். யார் செய்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நட்டஈடு அப்படியில்லை. ஒரு பிழை நடந்திருக்கிறது, அதனால் இன்னாருக்கு இன்ன இழப்பு என்ற கணக்கின் மேல் அது நிற்கிறது. இழப்பீடு என்பது இன்னும் பெரிய வட்டம். ஐ.நா. பொதுச்சபை 2005 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட கொள்கைகள் அதை ஐந்தாகப் பிரிக்கின்றன:

1. பறிபோனதைத் திருப்பிக் கொடுத்தல்: காணி, வீடு, வேலை, குடியுரிமை.
2. நட்டஈடு: திருப்பிக் கொடுக்க முடியாததற்குக் காசு.
3. மறுவாழ்வு: வைத்தியம், உளவளத்துணை, சட்ட உதவி.
4. மனநிறைவு தரும் நடவடிக்கைகள்: உண்மையை வெளியிடுதல், உடலைத் தேடிக் கொடுத்தல், பகிரங்க மன்னிப்பு, நினைவுகூரல், பொறுப்பானவர்களுக்குத் தண்டனை.
5. மறுபடி நடக்காது என்பதற்கான உத்தரவாதம்.

இந்த ஐந்தில் அரசாங்கங்களுக்கு ஆக இலேசானது இரண்டாவது. ஒரு சுற்றறிக்கை, ஒரு நிதி ஒதுக்கீடு, ஒரு காசோலை, அவ்வளவுதான். நாலாவதைத் தொட்டால் படையினரையும் அரசியல்வாதிகளையும் தொட வேண்டிவரும். அதனால்தான் உலகத்தில் பல நாடுகளில் இரண்டாவதை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் அதை வாய்மூடும் காசாகப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை.

இலங்கையில் இதுவரை நடந்தது

1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான புனர்வாழ்வு அதிகாரசபைதான் (கச்சேரிகளில் 'ரெப்பியா' என்பார்கள்) நீண்ட காலம் இந்தக் காசைக் கொடுத்துவந்தது. மரணத்துக்கு இவ்வளவு, காயத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையான அட்டவணை. அரச ஊழியரின் உயிருக்குப் பொதுமகனின் உயிரைவிடக் கூடிய தொகை. யார் கொன்றது என்று அந்த அலுவலகம் தீர்ப்பதில்லை. பெயருக்கு நட்டஈடு என்றாலும் தன்மையில் அது நிவாரணமே.

2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதிலாக இழப்பீடுகளுக்கான அலுவலகத்தைக் கொண்டுவந்தது. தாளில் இது நல்ல முன்னேற்றம். வடக்கு கிழக்குப் போரில் பாதிக்கப்பட்டவர்களோடு, அரசியல் குழப்பங்கள், கலவரங்கள், வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களையும் சட்டம் உள்ளடக்குகிறது. தனிநபருக்கு மட்டுமின்றி ஒரு ஊருக்கு, ஒரு சமூகத்துக்குக் கூட்டாகவும் இழப்பீடு கொடுக்க வழி வைக்கிறது. ஆனால் அலுவலகம் வகுக்கும் கொள்கைகள் அமைச்சரவையைத் தாண்டித்தான் வரவேண்டும். எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு என்ற முடிவு அரசியல் மேசைக்கே திரும்பிப் போகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்தில் இன்னொரு முடிச்சு இருந்தது. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம், பயங்கரவாதச் செயலாலோ கலவரத்தாலோ காணாமல் போய் ஓராண்டுக்கு மேல் தகவல் இல்லாதவரின் மரணத்தைப் பதிய இடம் கொடுத்தது. அந்த மரணச் சான்றிதழ் இருந்தால்தான் காணியை மாற்றலாம், வங்கிக் காசை எடுக்கலாம், நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு தாய் தன் கையாலேயே மகன் செத்துவிட்டான் என்று எழுதிக் கொடுத்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி இன்மைச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். ஆள் செத்தார் என்று சொல்லாமலே, ஆளைக் காணவில்லை என்று அரசு ஏற்றுக்கொள்ளும் பத்திரம் அது. குடும்பங்கள் போராடிப் பெற்றவற்றில் உருப்படியானது இதுதான். 2022 மார்ச்சில் இந்தச் சான்றிதழின் அடிப்படையில் ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அமைச்சரவை இணங்கியது. பின்னர் அது இரண்டு இலட்சமாக்கப்பட்டது. வடக்கு கிழக்கின் உறவினர் சங்கங்கள் அதை நிராகரித்தன.

ஏன் நிராகரித்தார்கள் என்பது விளங்க, அந்தத் தாய்மார் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோகும் பையைத் திறந்து பார்த்தால் போதும். கிராம சேவகரின் உறுதிக் கடிதம். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பல இடங்களில் மை மங்கி வாசிக்க முடியாத நிலையில். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிய கடிதம். ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் சாட்சி சொன்னதற்கான துண்டு. தேசிய அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்த ஒரு போட்டோ. இத்தனை தாளிலும் 'யார் கொண்டுபோனது' என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதியிருக்கிறார். முகாமின் பெயரைக் கூடச் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அரசு கொடுக்கும் தாளில் அந்தப் பெயர் எங்கும் இல்லை. காசு வருகிறது, ஆனால் அவர் சொன்னதை யாரும் கேட்டதற்கு அடையாளம் வரவில்லை.

கொக்கட்டிச்சோலை: ஒரு படிப்பினை

நட்டஈடு மட்டும் வந்தால் என்னவாகும் என்பதற்கு மட்டக்களப்பிலேயே பழைய உதாரணம் இருக்கிறது.

1991 ஜூன் 12ஆம் திகதி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அருகே கண்ணிவெடியில் சிக்கி இரண்டு சிப்பாய்கள் இறந்தார்கள். அதன் பிறகு படையினர் மகிழடித்தீவு, முதலைக்குடா கிராமங்களுக்குள் புகுந்தார்கள். உயிர் தப்ப மகிழடித்தீவின் அரிசி ஆலைக்குள் ஒளிந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அரசாங்கம் ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தது. 67 பேர் கொல்லப்பட்டதாக அது கணக்கிட்டது. ஊரவர் சொல்லும் தொகை 150ஐத் தாண்டும். இரு தரப்பு மோதலில் இடையில் அகப்பட்டு மக்கள் இறந்தார்கள் என்ற கதையை ஆணைக்குழு ஏற்கவில்லை. படையினர் வேண்டுமென்றே செய்த பழிவாங்கல் என்றே முடிவு சொன்னது. குடும்பங்களுக்கு நட்டஈடு கொடுக்கவும் பரிந்துரைத்தது.

அந்தக் காலத்துக்கு இது பெரிய விடயம். அரசு அமைத்த ஆணைக்குழு ஒன்று, அரச படை பொதுமக்களைக் கொன்றது என்று எழுதியிருக்கிறது. ஆனால் வழக்கு இராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. ஓர் அதிகாரி மட்டும், அதுவும் படையினரைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கும் உடல்களை முறைகேடாக அகற்றியதற்கும் குற்றவாளியாகக் காணப்பட்டுச் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். மற்றவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். கொலைக்கு எவருக்கும் தண்டனை இல்லை.

உண்மை பாதி வெளியே வந்தது, காசு வந்தது, நீதி வரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, பாதி உண்மைகூட எவ்வளவு பெறுமதியானது என்பதுதான். மகிழடித்தீவு மக்கள் இன்று பேசும்போது, 'அரசாங்கமே ஒப்புக்கொண்டது' என்று சொல்ல அவர்களிடம் ஒரு அறிக்கை இருக்கிறது. 1990இல் இதேபோன்ற கொடுமைகள் நடந்த சத்துருக்கொண்டானுக்கும் வந்தாறுமூலைக்கும் (விபரம் கீழே) கிழக்கு ஆணைக்குழுக்கள் சாட்சியம் பதிந்தன. அதற்கு மேல் அசையவில்லை. வீரமுனைக்கும் காத்தான்குடிக்கும் கொக்கட்டிச்சோலைக்கு வந்தது போன்ற தனி அறிக்கை இல்லை.

1990: யாருக்கு யார் கடன்?

கிழக்கின் சிக்கல் வடக்கிலிருந்து வேறுபடுவது இங்கேதான். இங்கே நடந்தது அரசுக்கும் ஒரு சமூகத்துக்கும் இடையிலான வன்முறை மட்டுமில்லை. 1990ஆம் ஆண்டின் மூன்று மாதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும்.

1. ஜூன் 11: கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றார்கள். அவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள்.
2. ஆகஸ்ட் 3: காத்தான்குடியின் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்ற 100க்கு மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.
3. ஆகஸ்ட் 11 இரவும் 12 அதிகாலையும்: ஏறாவூரில் 100க்கு மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட.
4. அதே ஆகஸ்ட் 12: அம்பாறை மாவட்டம் வீரமுனையில், கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள். படையினரோடு சேர்ந்து முஸ்லிம் ஊர்க்காவல் படையினரும் செய்தார்கள் என்பது தப்பியவர்களின் சாட்சியம்.
5. செப்டம்பர் 5: வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கூட்டிச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை.
6. செப்டம்பர் 9: சத்துருக்கொண்டானிலும் அயல் கிராமங்களிலும் 180க்கு மேற்பட்ட தமிழர்கள். பலர் சிறுவர்கள். குடும்பம் குடும்பமாக அழிந்ததால், சில வீடுகளுக்கு நட்டஈட்டு விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கவே ஆள் மிஞ்சவில்லை.

இதற்கு முன்னும் பின்னும் அரந்தலாவையில் பிக்குகள் (1987), கோணகலையில் சிங்களக் கிராமத்தவர் (1999) என்று அம்பாறையின் கணக்கு நீளுகிறது.

இந்தப் பட்டியலில் எந்தச் சமூகமும் வெறும் பார்வையாளர் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் தன் இழப்பு நாள் தெரியும். பக்கத்து ஊரின் நாள் தெரியாது, அல்லது தெரிந்தும் வாயில் வராது. காத்தான்குடியில் ஆகஸ்ட் 3 ஷுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினம். வீரமுனையில் ஆகஸ்ட் 12 நினைவு நாள். இரண்டுக்கும் இடையில் 9 நாள்தான். ஆனால் ஒரு ஊரார் மற்ற ஊரின் நிகழ்வுக்குப் போவது அபூர்வம்.

இதனால் நட்டஈடு இங்கே இரண்டு கடன்களைச் சந்திக்கிறது. ஒன்று அரசு மக்களுக்குக் கொடுக்க வேண்டியது. கொன்றது அரச படை என்றால் செய்ததற்காக. கொன்றது வேறு ஆயுதக் குழு என்றால் காப்பாற்றத் தவறியதற்காக. மற்றது அயலூர் அயலூருக்குக் கொடுக்க வேண்டியது. திறைசேரியிலிருந்து வரும் காசு முதல் கடனைத்தான் தீர்க்க முடியும். ஏறாவூர்க் குடும்பத்துக்குக் கொழும்பு காசோலை அனுப்பினால், ஏறாவூருக்கும் அயலிலுள்ள தமிழ் ஊரான செங்கலடிக்கும் இடையில் இருக்கும் பேசாமை குறையாது. குறையும் என்று எதிர்பார்ப்பதுதான் இந்தத் திட்டங்களின் அடிப்படைப் பிழை.

முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிய கருத்தில்லை. இஸ்லாமியச் சட்டத்தின் தியத்தில் (கொலைக்கு ஈடாகக் கொடுக்கும் பணம்) பணம் கொன்றவரின் தரப்பிலிருந்து வருகிறது. ஏற்பதா, மன்னிப்பதா என்ற முடிவு கொல்லப்பட்டவரின் வாரிசுகளின் கையில் இருக்கிறது. அந்தப் பணம் கைமாறுவதே 'எங்கள் ஆள் செய்தான்' என்று ஒப்புக்கொள்வதுதான். இந்தோனேசியாவின் ஆச்சேயில் 2000களின் தொடக்கத்தில் மாகாண அரசு தியத் என்ற பெயரிலேயே போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்தது. கொன்றவர் யார் என்று யாரும் சொல்லவில்லை, வாரிசுகளிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. பெயர் தியத்தாக இருந்தும் உள்ளடக்கம் உதவிப் பணமாகவே நின்றது.

சரி, கொன்ற தரப்பு இன்று இல்லையென்றால்? காத்தான்குடிக் கொலைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றே புலிகள் மறுத்துவந்தார்கள். 2009இல் அந்த இயக்கமே முடிந்துவிட்டது. அன்று கிழக்கில் அதன் பொறுப்பில் இருந்தவர்களில் சிலர் பின்னாளில் அரசாங்கத்தோடு சேர்ந்து பதவிகளிலும் அமர்ந்தார்கள். தமிழ்ச் சமூகம் முழுவதையும் இதற்குக் கடனாளியாக்குவது நியாயமில்லை. கிராமத்து விவசாயிக்கு அந்த முடிவில் பங்கில்லை. அதேபோல வீரமுனைக்காக அயலூரான சம்மாந்துறையின் முஸ்லிம்கள் எல்லோரையும் குற்றவாளியாக்குவதும் நியாயமில்லை. ஆனால் செய்தது நம் பெயரைச் சொல்லிச் செய்தவர்கள் என்று சொல்வதற்குக் குற்றவாளியாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்க் கட்சிகளும் கோயில், தேவாலய நிர்வாகங்களும் ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிக்குப் போய் இதைச் சொல்லலாம். பள்ளிவாசல் சம்மேளனங்கள் ஆகஸ்ட் 12ஆம் திகதி வீரமுனையில் சொல்லலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதைச் செய்யாமல் இரு தரப்பும் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆக வருத்தமான விடயம்.

தகவலும் இந்தக் கடனில் சேரும். 1990 ஜூலையில் கல்முனை வீதியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. உடல்களைத் தோண்டி எடுக்கும் விவகாரம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்துக்குப் போயும் இழுபட்டது. ஜனாஸாத் (இறந்தவருக்கான தொழுகை) தொழுது அடக்கக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, 'இந்த இடம்தான்' என்று சொல்லும் ஒரு முதியவரின் வாக்குமூலம் எந்தக் காசோலையையும்விடப் பெரிது.

ஒரே மாவட்டம், வெவ்வேறு விலை

2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து சுமார் 30 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களில் இறந்தவர்களுக்கு அரசு தலைக்குப் பத்து இலட்சம் ரூபா அறிவித்தது, விரைவாகவும் கொடுக்கத் தொடங்கியது. கொடுத்தது முற்றிலும் சரி. ஆனால் அதே மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவருக்கு இரண்டு இலட்சம், அதுவும் 30 ஆண்டுகளுக்குப் பிறகு. வந்தாறுமூலைத் தாய்க்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி என்ன? உயிருக்கு உயிர் விலை வேறு. உலகம் பார்த்துக்கொண்டிருந்த நாளில் செத்தால் ஒரு விலை, யாரும் பார்க்காத நாளில் செத்தால் இன்னொரு விலை.

இன்னொன்று நடந்தது, அது நல்ல முன்மாதிரி. 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் 7 நீதியரசர்கள், முன்கூட்டியே புலனாய்வுத் தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தார்கள். முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா கட்ட வேண்டும். முன்னாள் பொலிஸ் மா அதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் பணிப்பாளரும் தலா 7.5 கோடி. பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் செயலாளர் 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரிவின் முன்னாள் தலைவர் 1 கோடி. அரசு 10 இலட்சம். பணம் இழப்பீடுகளுக்கான அலுவலகத்தில் வைக்கப்படும் நிதியத்துக்குப் போகும்.

முன்பு சொன்ன அட்டவணைக் காசுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். என்ன நடந்தது என்று ஒரு நீதிமன்றம் சொன்னது. யார் தவறவிட்டது என்று பெயர் சொன்னது. பணம் அந்தப் பெயருக்குரியவரின் பையிலிருந்து வர வேண்டும் என்றது. கொக்கட்டிச்சோலையில் இல்லாத மூன்றாவது கண்ணி இங்கே இருக்கிறது. இதே அளவுகோலை 1990க்கும் நீட்டினால் என்ன என்று கிழக்கு மக்கள் கேட்பது பேராசை இல்லை.

அளவுகோல் வேறுபடும்போது சமூகங்களுக்குள் என்ன நடக்கும் என்பதற்கு அம்பாறையில் கண்ணால் காணும் சாட்சி உண்டு. 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கென்று சவூதி உதவியோடு அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் 500 வீடுகள் எழும்பின. ஒரு சமூகத்துக்கு மட்டும் கொடுப்பதை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் போனது. இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்றானது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் யாரும் குடியேறாமல் வீடுகள் பற்றைக்குள் கிடந்தன. வீடு இழந்த குடும்பம் வீடு இல்லாமலே இருந்தது; மூன்று சமூகத்துக்கும் கோபம் மட்டும் மிஞ்சியது. யாருக்கு எதன் அடிப்படையில் என்று கட்டுவதற்கு முன்பே மூன்று தரப்பையும் இருத்திப் பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

காணி: காசைவிடப் பெரிய கேள்வி

படுவான்கரையில் முஸ்லிம்களுக்கு வயல் இருந்தது. 1990க்குப் பிறகு போக முடியவில்லை. 2002 ஏப்ரலில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் செய்த உடன்பாட்டில் கிழக்கில் முஸ்லிம்கள் தங்கள் வயல்களைச் செய்ய விடுவதும் ஒரு விடயமாக இருந்தது. மறுபக்கம், ஏறாவூர், ஓட்டமாவடி, சம்மாந்துறைப் பக்கங்களில் தமிழர்கள் விட்டுவிட்டு ஓடிய வளவுகள் உண்டு. பொத்துவிலில் கனகர் கிராமத்துத் தமிழர்கள் 1990இல் விட்டுப்போன காணியை வன இலாகா தனது என்றதால், 2018இல் வீதியோரம் குந்தியிருந்து போராடினார்கள்.

இவற்றில் ஆகச் சிக்கலானது பயத்தில் விற்ற காணி. தமிழ், முஸ்லிம் ஊர்களின் எல்லையோரத்தில் இருந்தவர் உயிர் தப்பக் கிடைத்த விலைக்கு விற்றார். உறுதி முறைப்படி எழுதப்பட்டது, நொத்தாரிசு கையெழுத்து வைத்தார். சட்டத்தில் பிழையில்லை, நியாயத்தில் பிழை.

2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்திருந்தவருக்கு எதிராக, 'பத்து வருடம் நான் ஆண்டேன், எனக்கே சொந்தம்' என்ற ஆட்சியுரிமை வாதத்தை எழுப்ப முடியாது என்றது. ஆனால் மூன்று இடங்களில் அது குறுகியது:

1. பயங்கரவாத இயக்கத்தின் நடவடிக்கையால் போனவருக்கு என்று அது எழுதப்பட்டிருக்கிறது. ஊர்க்காவல் படைக்கோ இராணுவத்துக்கோ பயந்து ஓடியவர் அந்த வரிக்குள் இலேசில் வரமாட்டார்.
2. வழக்குப் போட 2 ஆண்டுக் காலவரை. தகவல் கிராமத்துக்கு வந்து சேரும் முன்பே அது முடிந்தது.
3. பயத்தில் எழுதிய விற்பனை உறுதியை அது தொடவே இல்லை.

வாங்கியவர் இன்று அங்கே வீடு கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டிருப்பார். அவரும் வேறு ஊரிலிருந்து அடித்துத் துரத்தப்பட்டவராக இருக்கக் கூடும். எழும்பு என்றால் புதிய கலவரம். இங்கேதான் அரசின் நட்டஈடு உண்மையிலேயே சமூகங்களைச் சேர்க்கப் பயன்படும். அன்று விற்ற விலைக்கும் நியாய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுத்தால், விற்றவருக்கு நீதி, வாங்கியவருக்கு நிம்மதி. தனிநபர்களின் தலைக்குக் காசு கொடுப்பதைவிட இது இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கசப்பை நேரடியாகக் குறைக்கும் என்பது என் கணிப்பு.

வெளியே நடந்தது

1994 இனப்படுகொலை வழக்குகளை விசாரித்த ருவாண்டாவின் கசாசா ஊர் மன்றங்கள் 2012 வரை இயங்கின. அங்கே கொலை வழக்குகளைவிடச் சொத்து வழக்குகள்தான் அதிகம். கூரைத் தகடு, மாடு, வீட்டுச் சாமான் என்று எடுத்தவர் உடையவருக்கே திருப்பிக் கொடுப்பது அல்லது விலை கொடுப்பது என்று ஊருக்கு முன்னால் இணங்கினார்கள். எடுத்தவர் வறியவர் என்பதால் பல கடன்கள் தீராமல் நின்றன. அரசு தனியாக உதவி நிதியம் வைத்தது, ஆனால் உயிரிழப்புக்கான முறையான நட்டஈட்டுச் சட்டம் வரவே இல்லை. தப்பியவர்களின் மனக்குறை இன்றும் அதுதான்.

தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணைக்குழு, பாதிக்கப்பட்டவர்களுக்கு 6 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கச் சொன்னது. அரசு 2003இல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் கொடுத்து முடித்தது.

பெருவில் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குக் கூட்டு இழப்பீடாக வாய்க்காலும் கட்டடமும் கிடைத்தன. அது எப்படியும் அரசு செய்ய வேண்டிய வேலைதானே என்று மக்கள் கேட்டார்கள். படுவான்கரைக்கும் இது பொருந்தும். 2014இல் திறந்த மண்முனைப் பாலம் வந்த பிறகு தோணிக்குக் காத்திருக்கும் பாடு போனது. மிக நல்ல காரியம். ஆனால் பாலம் எந்த ஊருக்கும் உரிய சேவை. அதை மகிழடித்தீவின் இழப்பீட்டுக் கணக்கில் எழுத முடியாது.

ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் அன்னையர், நட்டஈட்டை வாங்குவதா என்ற கேள்வியில் இரு பக்கமாக நின்றார்கள். 1994இல் வந்த சட்டப்படி ஒரு பகுதியினர் வாங்கினார்கள். மறு பகுதியினர் பிள்ளைகளின் இரத்தத்துக்கு விலை இல்லை என்று மறுத்தார்கள். வாங்கியவர்கள் தேடலை நிறுத்தவில்லை. வழக்குகளும் பின்னர் நடந்தன, இராணுவ அதிகாரிகள் சிறைக்கும் போனார்கள்.

வாங்கினால் உரிமை போய்விடுமா?

இதற்கு நேரடியான பதில் தேவை, ஏனென்றால் வதந்தி இங்கேதான் கூட.

1. கொலையும் கடத்தலும் அரசு தொடுக்க வேண்டிய குற்ற வழக்குகள். கொலையைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடமில்லை. குடும்பம் காசு வாங்கியதால் சட்டமா அதிபரின் பொறுப்பு கழியாது.
2. மற்றப் பெரும்பாலான குற்றங்களுக்கு 20 ஆண்டுக் காலாவதி உண்டு. கொலைக்குக் காலாவதியே இல்லை. 1990இல் நடந்த கொலையை இன்றும் விசாரிக்கலாம்.
3. இன்மைச் சான்றிதழின் மேல் வாங்கும் தொகை மரணத்தை ஒப்புக்கொள்வதாகாது. மரணச் சான்றிதழ் எடுப்பது வேறு காரியம், இரண்டையும் குழப்பக்கூடாது.
4. புலிகள் பலாத்காரமாகப் பிடித்துச் சென்று போரில் இறந்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் தங்களுக்கு இது பொருந்தாது என்று ஒதுங்கி நிற்கிறார்கள். முன்னாள் போராளிகளையும் இறந்த போராளிகளின் உறவினரையும் நட்டஈட்டுக்குக் கருத்தில் எடுக்க வேண்டும் என்று அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே 2011இல் பரிந்துரைத்திருக்கிறது. அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.
5. வாங்குவதும் விடுவதும் அந்தக் குடும்பத்தின் முடிவு. வாங்கியவரைத் துரோகி என்று சங்கத்தில் ஒதுக்குவது தவறு. கணவனை இழந்து கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இரண்டு இலட்சம் என்பது ஒரு கிணறு, ஒரு கூரை, ஒரு மகளின் படிப்பு.
6. கையெழுத்து வைக்கும் முன் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, இது இறுதித் தீர்வு என்ற பொருளில் ஏதாவது வரி இருந்தால், கையெழுத்திடாமல் சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்தில் காட்டலாம். யார் கொண்டுபோனது என்று கேட்கும் இடத்தைக் காலியாக விடாமல், பொலிஸில் சொன்னதையே இங்கேயும் எழுதி, பிரதி ஒன்றை முத்திரையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் ஒரு விசாரணை வந்தால், அரசு அந்தத் தகவலைக் கையேற்றது என்பதற்கு அந்தப் பிரதி சாட்சியாகும்.